புழங்குபொருளும் கலைஞரின் மறுவாசிப்பும்: ஒரு மதிப்பாய்வு

அருங்காட்சியகத்துக்குள் வரும் முறமோ மரக்காலோ முதலில் புழக்கத்திலிருந்து விலகுகிறது; பிறகு ஓர் எண்ணையும் வகைப்பாட்டையும் பெறுகிறது. பொருளின் பெயர், எதனால் ஆனது, அளவு, கிடைத்த ஊர், வந்து சேர்ந்த ஆண்டு ஆகியவை பதிவேட்டில் ஏறும். அதைப் பிடித்த கை யாருடையது, வீட்டில் எந்த மூலையில் இருந்தது, எந்த வேலை நின்றபோது அது தேவையற்றுப் போனது என்பவை பெரும்பாலும் ஏறுவதில்லை. கடந்த அரை நூற்றாண்டில் பல நாடுகளின் கலைஞர்கள் இந்த விடுபட்ட பகுதியைத் தங்கள் வேலைக்களமாக்கிக் கொண்டார்கள். இருக்கும் தொகுப்பைக் கலைத்து அடுக்குவது, கிடங்கில் கிடப்பதை வெளியே எடுப்பது, மக்களின் நினைவையே தொகுப்பாகத் திரட்டுவது எனப் பல வழிகளில் அவர்கள் செயல்பட்டிருக்கிறார்கள்.

எது பதிவாகிறது, எது விடுபடுகிறது என்ற கேள்வி தமிழ்நாட்டில் மிக அவசரமாக எழும் இடம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாக ஒரகடம்வரை பரவியிருக்கும் தொழிற்பகுதி. ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஊர்கள் ஒரே தலைமுறைக்குள் மூன்று ஷிப்ட் ஆலைகளின் ஊர்களாக மாறியது இங்கேதான். இந்த மாற்றத்தின் பொருட்களை யார் சேர்ப்பது, எப்படிக் காட்டுவது என்பதை முடிவுசெய்ய, இதுவரை பிற இடங்களில் நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்பது உதவும்.

அன்றாடப் பொருள் தொகுப்பான விதம்

அன்றாடப் பொருள் அருங்காட்சியகத்துக்குள் வந்த முதல் வழி காலனிய ஆட்சியின் வழி. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கியது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். அக்காலத்து மானிடவியல் பார்வையில் ஒரு சீப்பும் ஒரு மீன்வலையும் ஒரு சமூகத்தின் மாதிரிகள். ஒரு சாதிக்கு ஒரு மாதிரி கிடைத்தால் போதும். அதை வைத்திருந்தவரின் பெயர் தேவைப்படவில்லை. இந்த அடிப்படை இந்தியாவின் பல அருங்காட்சியகங்களில் இன்றும் பெயர்ப்பலகைகளின் நடையில் தொடர்கிறது.

இரண்டாவது, தனிமனிதரின் பற்றால் உருவான தொகுப்பு. புனேயில் தினகர் கேள்கர் இறந்துபோன தம் மகன் ராஜாவின் நினைவாக உருவாக்கிய அருங்காட்சியகத்தில் விளக்குகள், பாக்குவெட்டிகள், சமையற்கட்டுச் சாமான்கள் உட்பட இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் உள்ளன. ஜோத்பூருக்கு அருகே நாட்டார் வழக்காற்று அறிஞர் கோமல் கோத்தாரி திட்டமிட்ட அர்ணா ஜர்ணா அருங்காட்சியகம் துடைப்பத்தை மையமாகக் கொண்டது. எந்த மண்ணில் எந்தப் புல் விளைகிறது, வீட்டுக்குள் பெருக்குவது எது, வாசலைப் பெருக்குவது எது, அதைக் கட்டி விற்பவர் யார் என்று ஒரே பொருளிலிருந்து ஒரு நிலப்பரப்பின் வாழ்க்கையை அது விரித்துக் காட்டுகிறது.

மூன்றாவது, வீட்டையே காப்பது. சுவீடனில் ஆர்தர் ஹசேலியஸ் 1891-இல் தொடங்கிய ஸ்கான்சென் இதற்கு முன்னோடி. தமிழ்நாட்டில் இதற்கு இணையானது சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் அதை 1996 டிசம்பரில் திறந்தது. இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, பத்து ஏக்கர் பரப்பில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, அக்ரஹார வீடு, கேரளச் சிரியன் கிறித்தவர் வீடு ஆகியவற்றில் பொருட்கள் தத்தமக்குரிய இடங்களில் இருக்கின்றன. அம்மி எங்கே கிடந்தது, தறி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது இங்கே புரியும். வளாகத்தில் இன்றைய கலைஞர்களுக்கான காட்சிக்கூடமும் உண்டு. ஆனாலும் மீண்டும் எழுப்பப்பட்ட வீட்டில் குடியிருப்போர் இல்லை. அவர்களுக்குள் இருந்த பிணக்கும் கடனும் வேலைப் பங்கீடும் பொருளைக் கொண்டு மட்டும் தெரிவதில்லை. கலைஞரின் தலையீடு தொடங்குவது இந்த இடத்தில்தான்.

கிடங்கும் அடுக்குமுறையும்

1969–70-இல் ஆண்டி வார்ஹால் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியின் அருங்காட்சியகக் கிடங்கிலிருந்து ஒரு கண்காட்சியை உருவாக்கினார். புகழ்பெற்ற ஓவியங்களை விட்டுவிட்டு, கிடங்கிலிருந்த காலணிகளை அவற்றின் அலமாரியோடு வெளியே கொண்டுவந்தார். எது காட்சிக்குரியது, எது கிடங்குக்குரியது என்பதை முடிவுசெய்வது யார் என்ற கேள்வியை இது பொதுமக்கள்முன் வைத்தது.

அந்தக் கேள்விக்கு அரசியல் கூர்மை தந்தவர் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர் ஃப்ரெட் வில்சன். 1992-இல் பால்டிமோரில் மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்தின் தொகுப்பை மட்டுமே கொண்டு அவர் அமைத்த ‘மைனிங் தி மியூசியம்’ இத்துறையின் திருப்புமுனை. உலோக வேலைப்பாடு என்ற தலைப்பின்கீழ் செல்வர் வீட்டு வெள்ளிக் கூசாக்களுக்கு நடுவே அடிமைகளின் கால்விலங்கை வைத்தார். மரவேலைப்பாடு என்ற தலைப்பில் அழகிய நாற்காலிகளைச் சவுக்கடிக் கம்பத்தை நோக்கித் திருப்பி வைத்தார். நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் சிலைகளுக்கு எதிரே மூன்று வெற்றுப் பீடங்கள் நின்றன. அவற்றில் மேரிலாண்டின் கறுப்பினத் தலைவர்களான ஹாரியட் டப்மன், பெஞ்சமின் பேனக்கர், ஃப்ரெடெரிக் டக்ளஸ் பெயர்கள் இருந்தன. வில்சன் புதிதாக ஒரு பொருளும் செய்யவில்லை. எல்லாம் சங்கத்தின் உடைமைகளே. ஒன்றின் அருகே மற்றொன்றை வைத்ததும், அதுவரை பதிவேட்டில் வெவ்வேறு பக்கங்களில் கிடந்த இரண்டு வரலாறுகள் ஒன்றாகத் தெரிந்தன.

வேறு இருவர் அருங்காட்சியகத்துக்கு வெளியே புதுத் தொகுப்புகளை உருவாக்கினார்கள். சீனக் கலைஞர் சாங் டாங், 2002-இல் கணவரை இழந்து துயரத்தில் ஆழ்ந்த தம் தாயார் சாவோ சியாங்யுவானுடன் சேர்ந்து, அவர் பஞ்சகாலப் பழக்கத்தால் தூக்கியெறியாமல் சேர்த்துவைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை 2005-இல் பெய்ஜிங்கில் அடுக்கினார். சோப்புக் கட்டிகள், பற்பசைக் குழாய்கள், துணித்துண்டுகள், பாத்திரங்கள் என்று ஒரு வீட்டின் உள்ளடக்கம் முழுவதும் வகைவகையாகத் தரையில் விரிந்தது. அப்படைப்பு 2009-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கும் சென்றது. துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக் 2012-இல் இஸ்தான்புல்லில் திறந்த அப்பாவித்தனத்தின் அருங்காட்சியகம், அவருடைய நாவலின் 83 அத்தியாயங்களுக்கு ஒவ்வொரு பேழையாக உப்புக்குப்பி, சாவி, 4,213 சிகரெட் துண்டுகள் முதலியவற்றைக் காட்டுகிறது. கதை மாந்தர் கற்பனை. பொருட்களும் அவை குறிக்கும் நகர வாழ்க்கையும் உண்மை. அது 2014-இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருதைப் பெற்றது.

இந்தியத் தொகுப்புகளுக்குள்

இந்தியாவில் தொகுப்புக்குள் கலைஞர் தலையிடும் இந்த வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் விவான் சுந்தரம். 1998-இல் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தின் தர்பார் கூடத்தில் நவீன வங்காளத்தின் வரலாற்றை ஒரு பெரும் நிறுவுகலையாக அமைத்தார். பேரரசின் புகழைக் காட்டக் கட்டிய கூடத்துக்குள் சணல் ஆலைத் தொழிலும் அச்சும் நூலும் போராட்டமும் இடம்பிடித்தன. 2012-இல் முதல் கொச்சி முசிறி பினாலேயில் பட்டணம் அகழாய்வில் ஒதுக்கப்பட்ட பானையோடுகளைக் கொண்டு, மேலிருந்து பார்க்கும் நகரம்போல ஒரு பரப்பை உருவாக்கினார். கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் அகழ்ந்த பட்டணத்தைப் பழைய முசிறியோடு அறிஞர் பலர் இணைக்கின்றனர். ஆய்வுக்குப் பயன்பட்டு முடிந்த ஓடுகளுக்கு இவ்வாறு இன்னொரு பயன் கிடைத்தது.

தொடர்ச்சியான கொள்கையாக இதைச் செய்த நிறுவனம் மும்பையின் டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம். 1872-இல் திறக்கப்பட்டு 1975-இல் பெயர் மாற்றம் பெற்ற இந்த இடம், விரிவான சீரமைப்புக்குப் பிறகு 2008-இல் மீண்டும் திறந்தது. அதன் தொகுப்பில் பம்பாய் மக்களின் தொழில்களையும் உடைகளையும் காட்டும் களிமண் உருவங்கள் நிறைய உண்டு. இயக்குநராக இருந்த தஸ்னீம் சக்காரியா மேத்தா, இன்றைய கலைஞர்களைத் தொகுப்புக்கு மறுமொழி தர அழைத்தார். சுதர்சன் ஷெட்டி 2010-இலும் ஜிதீஷ் கல்லாட் 2011-இலும் அதுல் தோதியா 2014–15-இலும் இங்கே கண்காட்சி நடத்தினர். நகர மக்களை அமைதியான மாதிரிகளாகக் காட்டும் பழைய உருவங்கள் உள்ள இடத்தில், கல்லாட் தெருக் கலவரத்தில் மோதிக்கொள்ளும் சிறு உருவங்களை வைத்தார். இரண்டையும் பார்ப்பவர், அருங்காட்சியகம் எந்தப் பம்பாயை வெளியே நிறுத்தியது என்பதை உணரமுடிகிறது.

நினைவே தொகுப்பாகும்போது

21-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தோன்றிய சில அருங்காட்சியகங்கள் பொருளைவிட அதன் உடைமையாளர் சொல்வதை முதன்மையாகக் கொள்கின்றன. 2017-இல் அமிர்தசரஸ் நகர மன்றக் கட்டடத்தில் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்தில் ஒரு புல்காரி மேலங்கியும் ஒரு தோல் பெட்டியும் இருக்கின்றன. மணம் பேசி முடித்த இருவர் 1947-இல் தனித்தனியே எடுத்துவந்தவை அவை. அகதி முகாமில் அவர்கள் மீண்டும் சந்தித்து 1948-இல் மணந்துகொண்டார்கள் என்ற செய்தி இல்லாவிட்டால் அவை ஒரு துணியும் ஒரு பெட்டியும்தான். அச்சுக்கலை பயின்ற ஆஞ்சல் மல்ஹோத்ரா, எல்லையின் இருபுறமும் குடும்பங்களில் எஞ்சிய பாத்திரம், சால்வை, நகை முதலியவற்றின் வழியே பிரிவினையை எழுதிய நூலும் அதே 2017-இல்தான் வந்தது.

அகமதாபாத்தில் அவ்னி சேத்தி 2013-இல் தொடங்கிய கான்ஃப்ளிக்டோரியம், வருகையாளர் தம் நினைவை எழுதிக் கண்ணாடிச் சாடியில் இட்டுச்செல்லும் பகுதியைக் கொண்டது. அங்கே பார்வையாளரே தொகுப்பை வளர்க்கிறார். போபால் நச்சுவாயுப் பேரழிவின் முப்பதாம் ஆண்டில், 2014 டிசம்பரில் திறந்த ரிமெம்பர் போபால் அருங்காட்சியகம் உயிர்தப்பியவர்களின் உடைகளையும் உடைமைகளையும் அவர்களுடைய பதிவுசெய்த குரல்களோடு வைத்திருக்கிறது. இரண்டிலும் எதைச் சொல்வது என்பதில் பாதிக்கப்பட்டவருக்குப் பங்கு உண்டு.

யாழ்ப்பாணமும் மலையகமும்

தமிழ்ச் சூழலில் இக்கேள்வியை மிக ஆழமாகக் கையாண்டவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன். போர் பொருளையும் பதிவேட்டையும் ஒருங்கே அழித்த இடத்திலிருந்து அவர் செயல்படுகிறார்; போர் மூளுமுன்னரே 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது அந்த இழப்பின் தொடக்கம். 2004-இல் யாழ்ப்பாண வீடுகளிலிருந்து அன்றாடப் பொருட்களைத் திரட்டி ஒரு பொது நினைவுத் தொகுப்பாக வைத்தார். 2010-இல் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தில், கனடாவில் வாழும் ஈழத்தமிழர் தந்த பொருட்களைக் கண்ணாடிப் போத்தல்களில் இட்டுக் காட்டினார். பிற இனத்தாரின் பொருட்களை மாதிரிகளாகச் சேர்த்துவந்த வகை அருங்காட்சியகத்துக்குள், தம் பொருளைத் தாமே தேர்ந்து தந்தவர்களின் தொகுப்பு நுழைந்தது.

2011-இல் வெளியான அவருடைய ‘முடிவுறாத தோம்பு’ ஓர் அலுவலகக் கோப்பின் வடிவில் உள்ள நூல். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாங்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து கோட்டுப்படமாக வரைகிறார்கள். அதைக் கட்டடக் கலைஞர் அளவுப்படமாக்குகிறார். அதற்கு ஓவியர் தம் ஓவியத்தால் மறுமொழி தருகிறார். வீட்டுக்காரரின் சொற்களும் உடன் வருகின்றன. கிணறு, மாமரம், பூசையறை, ஷெல் விழுந்த மூலை எல்லாம் உரிமைப் பத்திரம் இல்லாதவரின் பத்திரமாகப் பதிவாகின்றன. பின்னர் நூலக அட்டைப் பேழையின் வடிவில் அவர் செய்த படைப்பு, போர்க்காலப் பொதுமக்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்ற கதைகளை அட்டைகளாக அடுக்கியது. பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கும் சைக்கிள் டைனமோவில் பாடிய வானொலியும் யாழ்ப்பாண வீடுகளின் வாழ்வைத் தாங்கின. எந்த அரசு அருங்காட்சியகமும் அவற்றை அப்போது சேர்க்க நினைக்கவில்லை. சனாதனனின் முறை பதிவேட்டின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, விடுபட்டவர்களின் கையில் அதைத் தருவது.

இலங்கை மலையகத்தில் 2007-இல் கம்பளைப் பகுதியின் நியூ பீகொக் தோட்டத்தில் சமூக அபிவிருத்தி நிறுவகம் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. தொழிலாளர் குடியிருப்பான பழைய லயத்து அறைகளே காட்சிக்கூடம். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, சமையல் பாத்திரங்கள், ஆவணங்கள் ஆகியவை அங்கே உள்ளன. மலையகத்தில் பிறந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலை வடிகட்டியையும் தேயிலைக் கறையையும் கொண்டு தோட்டப் பெண்களின் வாழ்க்கையைப் படைப்பாக்குகிறார். தொழிலாளர் தொகுப்பும் அதே சமூகத்திலிருந்து வந்த கலைஞரும் ஒரே நிலத்தில் இருப்பது பிற தமிழ்ப் பகுதிகளுக்கு நல்ல முன்மாதிரி.

எழும் வழக்குகள்

இம்முயற்சிகள்மீது நான்கு கேள்விகள் எழுகின்றன. முதலாவது உரிமை பற்றியது. பொருளைத் தந்தவர் அது காட்சிக்கு வருவதை ஒப்புக்கொண்டிருக்கலாம். கலைப்படைப்பின் பகுதியாக விற்பனைக்கோ வெளிநாட்டுக்கோ போவதை ஒப்புக்கொண்டாரா என்பது தனிக் கேள்வி. இரண்டாவது பெயர். கண்காட்சிச் சுவரில் கலைஞரின் பெயர் பெரிதாகவும் பொருள் தந்தவரின் பெயர் இல்லாமலும் இருந்தால், தர்ஸ்டன் காலத்துக் குறை வேறு உருவில் திரும்புகிறது. மூன்றாவது அழகுபடுத்தல். வறுமையின் பாத்திரங்களை நேர்த்தியான ஒளியில் அடுக்கும்போது வறுமையின் காரணம் மறைந்து வடிவம் மட்டும் எஞ்சக்கூடும். வில்சன் இந்த ஆபத்திலிருந்து தப்பியதற்குக் காரணம், வெள்ளிக்கும் விலங்குக்கும் உள்ள உறவை அவர் மறைக்கவில்லை என்பதே.

நான்காவதே மிக முக்கியமானது. அது காலம் பற்றியது. கலைஞரின் கண்காட்சி சில மாதங்களில் முடிந்துவிடும். ‘மைனிங் தி மியூசியம்’கூட ஓராண்டுக்கும் குறைவாகவே நடந்தது. பொருட்கள் கிடங்குக்குத் திரும்பியபின் பழைய பெயர்ப்பலகையே மீண்டும் ஏறினால், கலைஞர் கண்டறிந்தது பார்வையாளரின் நினைவில் மட்டும் தங்கும். கலைஞர் திரட்டிய பெயர், குரல், இடம், பயன்பாடு ஆகியவை நிரந்தரப் பதிவேட்டில் ஏறும்போதுதான் மறுவாசிப்பு அந்த அருங்காட்சியகத்தை மாற்றுகிறது. வரலாற்றாசிரியரின் சரிபார்ப்புக்குக் கலைஞரின் பணி மாற்றாகாது. எதைத் தேடவேண்டும் என்பதை அது சரிபார்ப்பவருக்குக் காட்டுகிறது.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பொருந்தும் வழி

இந்தத் தொழிற்பகுதியின் பழைய அடுக்கு மிக ஆழமானது. ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கற்கருவிகளும் மணிகளும் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. கல்லைச் செதுக்கிய கைகளும் கடல் கடந்த வணிகமும் இதே மண்ணில் இருந்தன. அதன் பிறகான நீண்ட காலத்தின் அடையாளம் ஏரியும் மதகும் கலப்பையும் ஏற்றமும் மரக்காலும்.

புதிய அடுக்கு முப்பதாண்டுகளுக்குச் சற்றே கூடுதலானது. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் 1990-இல் திறந்தது. ஹூண்டாய் ஆலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டி, 1998-இல் முதல் சான்ட்ரோ கார்கள் வெளிவந்தன. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் பெருமளவில் இளம்பெண்கள் வேலை செய்தார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி வளாகத்தை 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு திறந்தது. பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களின் வாழ்க்கை இப்போது இந்த ஊர்களின் வாழ்க்கையோடு கலந்திருக்கிறது.

இவ்விரண்டு அடுக்கும் ஒரே வீட்டில் சந்திக்கின்றன. பரணில் பழைய படியும் முறமும் கிடக்க, சுவரில் ஆலைச் சீருடையும் ஐடி கார்டும் தொங்குகின்றன. நிலம் கையகப்படுத்திய அறிவிப்பு, கான்ட்ராக்ட் முடிந்த கடிதம், கம்பெனி பஸ்ஸின் நேரப் பட்டியல், விடுதி அறையின் டிரங்குப் பெட்டி, பித்தான் வைத்த பழைய செல்போன் ஆகியவை இக்காலத்தின் புழங்குபொருட்கள். முறத்தை மட்டும் சேர்த்து ஐடி கார்டை விட்டுவிடும் அருங்காட்சியகம் இழந்த கிராமத்துக்கான ஏக்கத்தை மட்டுமே காட்டும். ஆலையின் முதல் காரை மட்டும் நிறுத்தி வைக்கும் கூடம் அதைப் பூட்டிய கைகளை மறக்கும்.

தென்கொரியாவின் அனுபவம் இங்கே நெருக்கமானது. 1960-களில் உருவான சியோலின் குரோ தொழிற்பேட்டையில் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் தேனடைபோல நெருங்கிய சிறு அறைகளில் தங்கினர். அத்தகைய அறைகளைக் காட்டும் வாழ்க்கை அனுபவக் கூடம் 2013-இல் அங்கே திறந்தது. தையல் ஆலையில் உழைத்த தாயின் மகனான கலைஞர் இம் ஹியுங்சூன், ஆலைப் பெண்களின் நேர்காணல்களைக் கொண்டு எடுத்த ‘ஃபேக்டரி காம்ப்ளெக்ஸ்’ திரைப்படம் 2015 வெனிஸ் பினாலேயில் வெள்ளிச் சிங்க விருது பெற்றது. கொரியா இதைச் செய்தபோது அந்த ஆலைகளில் பல போய்விட்டன. அறைகளையும் நினைவுகளையும் பிற்காலத்தில் தேட வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நிலத்தை உழுதவர்களும் முதல் ஷிப்டில் நுழைந்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே இங்கே முதல் வேலை கட்டடம் எழுப்புவது அல்ல, பதிவேட்டைத் தொடங்குவதே. ஒவ்வொரு பொருளுக்கும் தந்தவரின் ஒப்புதலோடு அவர் விரும்பும் பெயர், பயன்படுத்திய வேலை, இருந்த இடம், புழக்கம் நின்ற காரணம், அவர் குரலில் ஒரு பதிவு ஆகிய ஐந்தையும் எழுதிவைக்க வேண்டும். அரசுப் பள்ளிகளும் ஊராட்சிகளும் தொழிற்சங்கங்களும் ஆலைகளின் சமூக நிதியும் அருங்காட்சியகத் துறையும் சேர்ந்தால் இது பெருஞ்செலவில்லாமல் நடக்கும். சென்னை, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர்கள் அத்தொகுப்போடு வேலை செய்ய முடியும். அவர்களுள் இவ்வூர்களின் பிள்ளைகளுக்கு முதலிடம் தருவது நியாயம். அவர்கள் கண்டறிவது கண்காட்சி முடிந்தபின் பதிவேட்டில் ஏறவேண்டும் என்பதை முதல் விதியாக வைக்க வேண்டும். ஏரியையும் ஆலையையும் ஒருசேர அறிந்த தலைமுறை உயிரோடு இருக்கும்போதே இந்தப் பணியைத் தொடங்குவது அரசின் கடமை, அவ்வூர் மக்களின் உரிமை.